அத்தானுக்கு ஒரு டிராக்டர்

நகைக் கடன் கொடுக்கிறவனுக்கு நகை டிசைன் தெரியும், வீட்டுக் கடன் கொடுக்கிறவனுக்கு வாஸ்து தெரியும், டிராக்டர் கடன் கொடுத்தவனுக்கு டிராக்டர் தெரியும். நம் சொந்தக்காரர்களிடம் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் போபாலுக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் பக்கத்து சீஹோர் மாவட்டத்தில் மூன்று வருஷம் விவசாயக் கடன் பார்த்தேன். (ஷர்பத்தி கோதுமை என்று சென்னைக் கடைகளில் தனி விலை போட்டு விற்கிறார்களே, அது விளைகிற ஊர்.) அந்த மூன்று வருஷத்தை வைத்துத்தான் போன ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

"ஏலே, ஒங்க அத்தான் டிராக்டர் வாங்கணும்னு நிக்காவ. நீ ஒரு வார்த்தை சொல்லு."

எந்த வார்த்தை, வாங்கச் சொல்லியா வேண்டாம் என்றா, என்று கேட்டேன். "அது ஒனக்கே தெரியும்" என்று போனை அத்தானிடம் கொடுத்துவிட்டாள்.

அமெரிக்காவில் இருக்கிற நம் மக்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். இது என்னைப் போல மூன்றாவது மாடி பிளாட்டில் நாலு தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கு.

அங்கே டிராக்டர் என்றால் உழுகிற வண்டி இல்லை. உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி. சின்னதாக, மூக்கு நீண்டு, பார்க்க டிராக்டரின் பேரன் மாதிரி இருக்கும். வயிற்றுக்குக் கீழே கவிழ்த்த தாம்பாளம் போல ஒரு டெக், அதற்குள் இரண்டு அல்லது மூன்று பிளேடு. அக்கா வீடு ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம். மனை ஒரு ஏக்கர், அதாவது நம் கணக்கில் 100 சென்ட். வீடு, கார் வரும் பாதை, மரங்கள் எல்லாம் போக 70 சென்ட் புல். நகரத்துக்குள் இடம் கிடைக்காமல் தள்ளி வாங்கியவர்கள் இல்லை. அத்தானுக்கு அம்பாசமுத்திரத்து வயல் ஞாபகம், இடம் வேண்டும் என்று தேடிப் போய் வாங்கினார்.

இதுவரை 21 அங்குல இயந்திரத்தைப் பின்னாலிருந்து தள்ளித்தான் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 சென்ட் என்பது 30,000 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். 21 அங்குலப் பட்டையாக நடந்தால் ஐந்தேகால் கிலோமீட்டர். ஒரு பட்டை மேல் இன்னொன்று கொஞ்சம் ஏறித்தான் வெட்ட வேண்டும் என்பதால் ஆறு கிலோமீட்டர் ஆகிவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கிட்டத்தட்ட வாரம் ஒரு முறை. போன ஜூலையில், அந்த ஊர் வெக்கையில், பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது இடது தோள் இழுத்திருக்கிறது. புல்லை முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்து சொன்னாராம். அன்று சாயங்காலமே இரண்டு ஸ்டென்ட். வயசு 61. டாக்டர் "நடங்க, தள்ளாதீங்க" என்று அனுப்பியிருக்கிறார்.

அக்காவின் கட்சி: ஆள் வைத்து வெட்டிக்கொள்ளலாம். அத்தானின் கட்சி: உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி வாங்கினால் தள்ள வேண்டியதே இல்லை, டாக்டர் சொன்னதும் அதுதான்.

முதலில் காசைப் பார்த்துவிடுவோம் என்றேன். வெட்டுக்கூலி ஒரு தடவைக்கு 70 டாலர் கேட்டிருக்கிறார்கள். சீசனுக்கு 28 தடவை, ஆக 1,960. வண்டி 2,600 டாலரிலிருந்து கிடைக்கிறது. எண்ணெய், பிளேடு, பெட்ரோல், வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் என்று 200 வைத்துக்கொண்டால் வருஷம் 1,760 மிச்சம். இரண்டாவது சீசன் பாதியில் போட்ட பணம் திரும்பிவிடும். கடன் விண்ணப்பமாக வந்திருந்தால் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். கணக்கு அத்தான் பக்கம் சாய்ந்ததில் அக்காவுக்கு என் மேல் வருத்தம். ஆனால் அவள் கவலை காசு இல்லை என்பது இரண்டாவது போனில்தான் வெளியே வந்தது. வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து ஒரு ஓடையில் போய் முடிகிறது. அந்தச் சரிவில் வண்டி கவிழ்ந்தால்?

அதற்குப் பிறகுதான் நான் இதை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு மாசம் ராத்திரி ராத்திரியாக. வீட்டம்மா, "இங்க பால்கனில கொசுவலை அடிக்க ஒரு வருஷமா நேரமில்ல" என்றது தனிக் கதை.

படித்ததில் முதல் ஆச்சரியம் புல்தான். ஜார்ஜியாவில் அவர்கள் பெர்முடா என்று சொல்லி, உரம் போட்டு, தண்ணீர் விட்டு, காசு கொட்டி வளர்ப்பது வேறு எதுவும் இல்லை, நம் அருகம்புல்! ஊரில் வயலில் அருகு ஏறிவிட்டால் அப்பா படுகிற பாடு எனக்குத் தெரியும், கிழங்கு மாதிரி அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே போபாலில் 'தூப்' என்று பூஜைக்கு விற்கிறார்கள். அக்காவுக்கு இதைச் சொன்னதும், "எலே, பிள்ளையார் சதுர்த்திக்கு நான் இங்கேருந்துதாம்ல பிடுங்குதேன்" என்றாள். வெயில் ஏற ஏற வளர்கிற ஜாதி. அதனால்தான் ஜூலையில் ஒரு வாரம் விட்டால்கூட முழங்காலைப் பார்க்கிறது. பல ஊர்களில் புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் போனால் நகராட்சியே நோட்டீஸ் அனுப்பும். விட்டுவிடலாம் என்றால் விட முடியாது.

சரி, வண்டி. அத்தானுக்குக் கண் போனது ஜீரோ டர்ன் என்கிற வகை மேல். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல். நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றும். மரத்தைச் சுற்றி வெட்டுவதற்கு அதை அடிக்க ஆளில்லை, வேகமும் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் அதைத்தான் வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அரை மணியில் முடித்துவிட்டு பீர் குடிக்கிறார் என்று அத்தான் சொன்னபோது குரலில் ஒரு ஏக்கம் (பீருக்கா, வண்டிக்கா தெரியவில்லை :)).

ஆனால் அதன் சூட்சுமத்தைப் பாருங்கள். நெம்புகோல் இரண்டும் பின் சக்கரங்களைத்தான் தனித்தனியாக ஓட்டுகின்றன. முன்னால் இருப்பது சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் இருப்பது போல சும்மா உருளுகிற சக்கரம். திருப்புவதும் நிறுத்துவதும் பின் சக்கரத்தின் பிடியில்தான். ஈரச் சரிவில் பின் சக்கரம் வழுக்கிவிட்டால் ஸ்டியரிங், பிரேக் இரண்டும் ஒரே நேரத்தில் கையை விட்டுப் போய்விடும். அந்த நேரம் வண்டி எங்கே போகும் என்பதைச் சரிவுதான் முடிவு பண்ணும். சமதளத்துக்கு அருமையான வண்டி, ஓடைக்கரைக்கு வேண்டாம். அத்தானிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

மற்றது லான் டிராக்டர். முன்னால் என்ஜின், முன் சக்கரத்தில் ஸ்டியரிங், நமக்குப் பழகிய ஏற்பாடு. இதற்குள்ளும் ஆயிரம் மாடல். ஒன்றில் 19 குதிரைத்திறன், இன்னொன்றில் 22, அதற்கு மேல் 24 என்று எழுதிப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். புல்வெட்டி என்ஜின்களின் குதிரைத்திறனைக் கூட்டிச் சொல்லி விற்றார்கள் என்று அமெரிக்காவில் பல பெரிய கம்பெனிகள் மேல் சேர்ந்தாற்போல் வழக்குப் போட்டு, 2010-ல் அது சமரசத்தில் முடிந்தது. அதிலிருந்து நான் பார்த்தது சிலிண்டர் ஒன்றா இரண்டா, கியர் மாற்றும் வகையா அல்லது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்ற இரண்டை மட்டும்தான். பின்னது என்றால் கிளட்ச் மிதிக்க வேண்டாம், கார் ஆக்சிலரேட்டர் போல மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். 61 வயசுக்கு அதுதான் சரி. ஒன்று கவனிக்க வேண்டும். விலை குறைந்த வண்டிகளில் அந்த டிரான்ஸ்மிஷனைப் பெட்டியாக அடைத்து சீல் வைத்துக் கொடுக்கிறார்கள். சமதளத்தில் ஓட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும். வாரா வாரம் மேட்டில் ஏற்றினால் சூடேறி எண்ணெய் இளகி, சீக்கிரம் தளர்ந்துபோகும். ரிப்பேர் செய்வதைவிட மாற்றுவது எளிது என்கிற நிலைமைக்கு வரும்.

டெக் அகலம் 30 அங்குலத்திலிருந்து 54 வரை இருக்கிறது. அகலம் கூடினால் நேரம் மிச்சம், ஆனால் நிலம் மேடு பள்ளமாக இருந்தால் அகல டெக் மேட்டைச் சொரிந்து மொட்டையடித்துவிடும். இன்னொரு சமாச்சாரம் வேலிக் கதவு. அக்கா வீட்டுக் கதவு 48 அங்குலம். 42 அங்குல டெக்கிலேயே பக்கவாட்டில் புல் தள்ளும் மூடியை விரித்தால் நுழையாது, மடக்கினால் நுழையும். ஆக 42-க்கு மேல் பேச்சில்லை. பெரிய வண்டி வாங்கிவிட்டு வேலியை இடித்தவர்கள் உண்டாம்.

பிராண்டு எது என்று நீங்கள் கேட்பீர்கள், அத்தானும் அதைத்தான் கேட்டார். சீஹோரில் டிராக்டர் கடனுக்கு வருகிற விவசாயி பிராண்டைப் பற்றி ரொம்பப் பேச மாட்டார். மஹிந்திராவோ ஸ்வராஜோ, அவர் முதலிலேயே முடிவு பண்ணிவிட்டு வருவார். எப்படி முடிவு பண்ணினீர்கள் என்று நான் நிறையப் பேரைக் கேட்டிருக்கிறேன். பதில் ஒரே மாதிரி: எங்க ஊர் மிஸ்திரிக்கு இந்த வண்டிதான் தெரியும். அவ்வளவுதான். அறுப்பு நேரத்தில் வண்டி நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவான், பெல்ட்டும் பேரிங்கும் எந்தக் கடையில் கிடைக்கும். இதைவிட நல்ல அளவுகோலை எந்தப் பத்திரிகை மதிப்பீட்டிலும் நான் பார்க்கவில்லை.

அத்தானை விட்டே விசாரிக்கச் சொன்னேன். வீட்டிலிருந்து 6 மைலில் ஜான் டியர் டீலர், சொந்த ஒர்க்ஷாப், வண்டி நின்றால் டிரெய்லர் கொண்டு வந்து ஏற்றிப் போவார்கள். 11 மைலில் கப் கேடட் விற்கிற ஒரு சின்னக் கடை, அப்பாவும் மகனும் நடத்துவது, நல்ல பேர், ஆனால் மே மாசம் கொடுத்தால் ஜூன் மாசம் கிடைக்கும். அப்புறம் பெரிய கட்டுமானப் பொருள் கடைகள். அங்கே விலை சரிதான், சர்வீஸ் என்று கேட்டால் ஒரு போன் நம்பரைக் கொடுக்கிறார்கள். ஆறு மைல் ஜெயித்தது. (பச்சையும் மஞ்சளுமான அதே கம்பெனிக்கு இங்கே பக்கத்தில் தேவாஸில் பெரிய டிராக்டர் ஆலை இருக்கிறது. ரூபாய் நோட்டு அச்சடிக்கிற தேவாஸ்தான். அத்தானுக்கு இதைச் சொன்னதும், அப்படியென்றால் உனக்கு டிஸ்கவுண்ட் கிடைக்குமா என்றார்.)

டீலரிடம் இரண்டு வண்டி. ஒன்று எஸ் 120, 42 அங்குலம், இரண்டு சிலிண்டர், ஹைட்ரோஸ்டாட்டிக், 2,600 வாக்கில். இன்னொன்று எக்ஸ் 300 வரிசை, அதே அகலம், கனமான கட்டுமானம், கிட்டத்தட்ட 2,000 டாலர் கூடுதல். முதலாவதற்கு உத்தரவாதம் 2 வருஷம் அல்லது 120 மணி நேரம், இரண்டாவதற்கு 4 வருஷம் அல்லது 300 மணி நேரம். மேடு இருக்கிறது, ஆகவே கனமானதையே வாங்கிவிடலாம், சரிவுக்கும் பாதுகாப்பு என்றார் அத்தான்.

அங்கேதான் நான் நிறுத்தினேன். கனமான வண்டி டிரான்ஸ்மிஷனைக் காப்பாற்றும். ஓட்டுகிறவரைக் காப்பாற்றும் என்று யார் சொன்னது?

ஒரு நாலடிப் பலகையும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போங்கள் என்றேன். பலகையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, மட்டம் பார்த்து, மறுமுனைக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளக்க வேண்டும். 13 அங்குலம் வந்தால் சரிவு 15 டிகிரி. இந்த வண்டிகளின் கையேடுகள் பொதுவாகச் சொல்கிற எல்லை அதுதான். அதற்கு உள்ளேயும் மேலும் கீழுமாகத்தான் ஓட்டணும், குறுக்கே ஓட்டக் கூடாது, சரிவில் வளைக்கக் கூடாது. அக்கா வீடியோவில் காட்ட, அத்தான் நாலு இடத்தில் அளந்தார். முன்பக்கம் 4 அங்குலம், ஒன்றுமில்லை. பின்பக்கம் வீட்டை ஒட்டி 7. ஓடைக்கு இறங்குகிற இடத்தில் 16. அது 18 டிகிரிக்கு மேல். வண்டியின் எடை 200 கிலோ வாக்கில். கீழே தண்ணீர்.

"இத்தனை வருஷம் நான் அங்க வெட்டிட்டுத்தான இருந்தேன் மாப்ளே" என்றார்.

"தள்ளிக்கிட்டு வெட்டுனீங்க அத்தான். வழுக்குனா மிஷினை விட்டுட்டு நீங்க நின்னுக்கலாம். இதுல நீங்க மேல உக்காந்திருப்பீங்க."

சீஹோரில் நடந்த ஒன்றை அவரிடம் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நம் கிளையில் கடன் வாங்கின ஒருவர். தவணை ஒன்றுகூடத் தவறாதவர். ஏப்ரலில் கோதுமை அறுப்பு முடிந்து, ஒன்பது வயசுப் பையனை மட்கார்டில் உட்கார வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வந்திருக்கிறார். எல்லாரும் செய்வதுதான், எந்த ஊரிலும் பார்க்கலாம். சக்கரம் கரையிலிருந்து இறங்கிவிட்டது. இவருக்குச் சிராய்ப்பு, பையன் போய்விட்டான். இரண்டு மாசம் கழித்து வண்டியை விற்றுக் கடனை அடைக்க வந்தார். கணக்கை முடித்து ஆர்சி புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அதை வாங்குகிறவரிடம் நேராகக் கொடுத்துவிடுங்கள் சாப், நான் தொட மாட்டேன் என்றார். அந்த முகம் எனக்கு இன்னும் போகவில்லை.

போனில் அந்தப் பக்கம் அக்கா அழுதுகொண்டிருந்தாள். ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் நாலு வயசுப் பேரன் சனிக்கிழமை தோறும் வருகிறான், தாத்தா டிராக்டர் வாங்கப் போகிறார் என்று அவனிடம் அத்தான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதில் தெளிவாக இருக்கிறது. 16 வயசுக்கு முன்னால் ஓட்டக் கூடாது. எந்த வயசிலும் மடியில், பின்னால், எங்கேயும் கூட ஒருவரை ஏற்றக் கூடாது. வெட்டும்போது ஆறு வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வீட்டுக்குள் இருக்க வேண்டும். பிளேடின் முனை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிற சாமான் அது, ஒரு சின்னக் கல்லை எடுத்து எறிந்தாலே போதும். சீட்டிலிருந்து எழுந்தால் என்ஜின் நிற்கிற ஏற்பாடும், ரிவர்ஸ் போட்டால் பிளேடு நிற்கிற ஏற்பாடும் இந்த வண்டிகளில் இருக்கின்றன. ரிவர்ஸ் வந்தது பின்னால் நின்ற குழந்தைகளுக்காகத்தான். அதிலும் ஒரு பித்தானை அமுக்கினால் ரிவர்ஸிலும் வெட்டலாம். அந்தப் பித்தானை மறந்துவிடுங்கள் என்று அத்தானிடம் சத்தியமே வாங்கிவிட்டேன்.

அப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. ஓடைப்பக்கம் 20 சென்ட்டில் இனிமேல் புல்லே வேண்டாம். அருகை அடியோடு எடுத்துவிட்டு, தரையோடு படரும் ஜூனிப்பர் நட்டு, மேலே பைன் ஊசியிலையைப் பரப்பிவிட வேண்டியது. (அந்த ஊரில் பைன் சருகைக் கட்டுக் கட்டாக வைக்கோல் மாதிரி விற்கிறார்கள்.) நடுவதற்கு ஆள் வைக்கலாம், ஒரு தடவைச் செலவு. மீதி 50 சென்ட் மட்டமான தரை. மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை, வருஷத்துக்கு 25 மணி நேரம் தாண்டாது. அந்த வேலைக்கு 2,600 டாலர் வண்டி தாராளம். மேட்டை விட்டுவிட்டால் கனமான டிரான்ஸ்மிஷன் எதற்கு? அந்த 2,000 டாலரில் ஜூனிப்பரும் பைன் சருகும் நடவுக்கூலியும் போக மிச்சமே வந்தது.

மார்ச் மூன்றாவது வாரம் வண்டி வந்துவிட்டது. டீலரே கொண்டு வந்து இறக்கி, டெக்கை மட்டம் பார்த்து, டயர் காற்றைச் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறார். அத்தான் அதற்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் ரவுண்டு போன வீடியோ எங்கள் குடும்பக் குழுவில் ஓடியது. எனக்கு ஒரு கவலை பெட்ரோலில்தான். அங்கே சாதாரணமாகக் கிடைப்பதில் 10 சதவீதம் எத்தனால், குளிர்காலம் பூராவும் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டரில் பிசினாகிவிடும். எத்தனால் இல்லாததைத் தேடிப் போடச் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் நவம்பரில் ஸ்டெபிலைசர் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். எண்ணெய் 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை. பிளேடு ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால் ஒன்று சாணைக்குப் போயிருக்கும்போது இன்னொன்று ஓடும்.

சாவி பூஜை அலமாரியில், பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கிறது. பேரன் வந்திருக்கிற சனிக்கிழமைகளில் அது வெளியே வராது என்பது அக்கா போட்ட சட்டம். அத்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வெட்டிவிடுகிறார்.